அடித்த கையின் கையெழுத்து

மே 7, செவ்வாய்

மேற்கே மேகம் இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. தொட்டி ஏழு அடி.

பதினாலு வருஷமாக என் டைரியில் இதற்கு மேல் ஒரு வரி இருந்ததில்லை. சாயப்பவுடர் ஏஜெண்ட் வருஷப் பிறப்புக்குச் சும்மா கொடுக்கிற டைரி. முதல் பக்கத்தில் சாமி படம், மற்ற பக்கமெல்லாம் என் மேகம். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம் போலிருக்கிறது. என் மகள் மிதுனா பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று ஐம்பத்திரண்டு வாங்கிவிட்டாள். பட்டறையில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். என் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். நான் அந்தப் பத்தாவதையே இரண்டு தடவை எழுதினவன்.

சாயந்திரம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். சுற்றுச்சூழல் அறிவியலாம். பேரைக் கேட்டதுமே சிரித்துவிட்டேன்.

"காத்தையும் தண்ணியையும் படிக்கறதுக்கு எதுக்கு அம்மணி காலேஜு? நான் பதினாலு வருஷமா அதத்தான படிச்சுட்டிருக்கறேன்?"

"நீங்க படிக்கறது வேறீங்கப்பா" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் சுருக்கென்று இருந்தது. இந்தப் பேச்சு அவளுக்கு அம்மா வழியில் வந்தது. வளர்மதி அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மே 8, புதன்

வெயில். தொட்டி ஏழரை அடி. வீட்டில் யாரும் பேசவில்லை.

மே 10, வெள்ளி

மேகம் இல்லை. தொட்டி எட்டே முக்கால். பத்து அடிதான் தாங்கும்.

முதலாளி கூப்பிட்டு விட்டார். மிதுனா மார்க்கு அவர் காதுக்குப் போயிருக்கிறது. "ராக்கியப்பா, நம்மாளுங்க காலேஜுலயே டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரில போட்டுரு. சீட்டு நான் பாத்துக்கறேன். முடிச்சுட்டு வந்து நம்ம லேப்புலயே உக்காந்துக்கட்டும், ஏசி ரூம்பு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்கில் சனி. அவள் கேட்கிற படிப்பின் பேரையும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் படிப்பு படிச்சவந்தான் போன வருஷம் பாட்டில எடுத்துட்டு நம்ம காம்பவுண்ட சுத்திச் சுத்தி வந்தான். உன்ற வீட்டுலயே ஒன்ன வளத்தறியா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் சாயப்பட்டறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போவதில்லை என்று காகிதத்தில் இருக்கிறது. சாயத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குகிற மிஷின் ஒன்றும் இருக்கிறது, அதிகாரிகள் வருகிற அன்றைக்கு ஓடும். மற்ற நாளில் எல்லாம் தொட்டியில் நிற்கும். மழை வந்து ஆறு பெருகும்போது நான் வால்வைத் திறப்பேன். செம்மண் தண்ணீரோடு சாயம் கலந்து போனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது, எப்போது மூடுவது, இதுதான் என் வேலை. மேற்கே மலையில் மழை பெய்கிறதா, வெறும் இடியா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். இந்த ஆற்றங்கரையில் என் அளவுக்கு மேகம் பார்க்கத் தெரிந்தவன் கிடையாது. பதினாலு வருஷத்தில் ஒரு தடவை பிசகியதில்லை.

மே 12, ஞாயிறு

மேகம் இல்லை.

இன்றைக்கு மிதுனாவை இரண்டு அடி அடித்தேன். எழுதி வைப்பதற்குக் காரணம், நாளைக்கு யாராவது பத்து அடி என்று சொல்லக்கூடாது.

கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிற யுனிவர்சிட்டிக்கு எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஐந்து வருஷப் படிப்பாம். அவள் மாமன் தெய்வசிகாமணியின் வீட்டில் உட்கார்ந்து அவர் போனில் போட்டிருக்கிறாள். அவர் வளர்மதிக்கு அண்ணன், எனக்கு மச்சான். ஆற்றில் எங்களுக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் தள்ளித் தோட்டம். மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறார்.

சோறு தின்றுகொண்டிருக்கும்போது முதலாளி சொன்ன சீட்டைப் பற்றி இன்னொரு தரம் பொறுமையாகச் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க தொறந்து உடற தண்ணி எங்க போகுதுன்னு ஒருக்காவாச்சும் போய்ப் பாத்திருக்கறீங்களாப்பா?"

"எங்க போனா உனக்கென்னடி?"

"மாமன் தோட்டத்துக்குப் போகுதுங்க. கெணத்துத் தண்ணில துணிய நனைச்சா செவப்பாகுது. அந்தத் தண்ணியத்தான் அவங்க..."

அதோடு முதல் அடி. தட்டு பறந்து சுவரில் அடித்தது. "அடிச்சுக்கங்க, படிப்பு அதேதான்" என்றாள். அதற்கு இரண்டாவது அடி. இடது கன்னம். கை கொஞ்சம் மேலே பட்டிருக்கலாம்.

சாயந்திரம் அவள் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

மே 13, திங்கள்

தொட்டி ஒன்பது அடி ஐந்து அங்குலம். முதலாளி இரண்டு தடவை போன் செய்தார்.

மிதுனாவுக்கு இடது காதில் ஏதோ இரைச்சல் கேட்கிறதாம். தலையணையில் துளி ரத்தமும் இருந்ததாம். காது டாக்டர் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றாராம். வளர்மதி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஜவ்வு அவ்வளவு மெல்லிசு. என் அப்பன் என்னை மாட்டுக் கயிற்றால் அடித்தான், எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

மத்தியானம் மச்சான் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாங்க மச்சான்."

"மாப்ள, கை நீட்டறதுக்கு உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?"

"என்ற புள்ள, நான் அடிப்பேன்."

"உங்க புள்ளதானுங்க. எனக்கு மருமவ. சீர் செய்யறதுக்கு மட்டும் தாய்மாமன் வேணும், அடிச்சாக் கேக்கறதுக்கு வேண்டாங்களா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. மிதுனா துணிப்பையோடு வந்து பைக்கில் ஏறினாள். கட்டுப் போட்ட காது என் பக்கம் இருந்தது. நான் கூப்பிட்டது கேட்டிருக்காது, அதனால்தான் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தில் பேனா முனை இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. ஆத்திரம்தான், வேறொன்றும் இல்லை. பெற்றவன் நான் இருக்க, இன்னொருத்தன் வண்டியில் ஏறிப் போகிறாள். அந்த ஆளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளையைக் கெடுத்து அவர் பிள்ளையாக ஆக்கப் பார்க்கிறார்.

மே 16, வியாழன்

வந்தது மேகம். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கருகருவென்று எழுந்தது. தொட்டி ஒன்பது முக்கால்.

மூன்றரைக்கு இங்கே கொட்ட ஆரம்பித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மலையிலும் இதே மாதிரிதான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். நான்கு மணிக்கு வால்வை முழுசாகத் திறந்தேன். மூன்றடிக் கம்பியைச் செருகி இருபத்திரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். வழக்கமாக ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். இன்றைக்குப் போகவில்லை. நாலு நாளாகத் தூக்கமில்லை. வளர்மதி சோறு வைப்பதோடு சரி.

நான்கு இருபதுக்கு மழை நின்றது. ஐந்தரைக்கு மூடினேன். தொட்டி காலி. முதலாளி போனில் "பலே" என்றார்.

மே 17, வெள்ளி

மலையில் ஒரு துளியும் பெய்யவில்லை.

ஆற்றில் தண்ணீர் வரவே இல்லை. நான் திறந்துவிட்டது மட்டும்தான் ஓடியிருக்கிறது. கலக்க ஒன்றுமில்லாமல் அப்படியே போய்த் தடுப்பணையில் தேங்கி, கருஞ்சிவப்பாக நிற்கிறதாம். காலையில் மேய்ச்சலுக்குப் போன மாடுகள் அதில் வாய் வைத்துவிட்டன. ஒன்பது மாடு செத்துக் கிடக்கிறது. நான்கு மாடு மச்சானுடையது.

வளர்மதிதான் சொன்னாள். இருபது வருஷத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. "வயிறு ஊதி, நாக்கு வெளிய தள்ளிக் கெடக்குதாமா. செனை மாடு ஒன்னு. எங்கண்ணன் அது பக்கத்துலயே உக்காந்துட்டிருக்கறாராமா" என்றாள்.

மேகத்தை யாராவது உள்ளே புகுந்து பார்க்க முடியுமா? கோடை இடி மழை ஏமாற்றத்தான் செய்யும்.

மிதுனா தடுப்பணைக் கரையில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்தாளாம். பார்த்தவர் சொன்னார். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை கழுவிக் கொட்டிவிட்டு அப்புறம் நிரப்புகிறாளாம். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுகிறாளாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மே 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நூறு பேர் போலக் கேட்டுக்கு வந்தார்கள். செத்த மாடு ஒன்றை டிராக்டரில் போட்டு இழுத்து வந்து கேட்டுக்கு எதிரிலேயே கொட்டினார்கள். நாற்றம் தாங்கவில்லை. முதலாளி முந்தைய நாளே ஆள் சொல்லி வைத்திருந்தார். எங்கிருந்தோ வேனில் இருபது தடியன்கள் வந்து உள்ளே காத்திருந்தார்கள். ஒரு முகமும் எனக்குப் பழக்கமில்லை.

முதல் கல் யார் எறிந்தது என்று தெரியவில்லை. வாட்ச்மேன் ரூம் கண்ணாடி நொறுங்கியது. கேட்டைத் தள்ளிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். தடியன்கள் இறங்கினார்கள். மண்வெட்டிப் பிடி, சைக்கிள் செயின், இரும்புக் குழாய், கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. ஒரு பெரியவர் கீழே விழுந்தார், அவர் மேல் நான்கு பேர் மிதித்து ஓடினார்கள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான், விரலிடுக்கில் பல்லும் ரத்தமும் வந்தது. சாய டிரம் ஒன்று உருண்டு உடைந்து தரையெல்லாம் நீலம். எது சாயம், எது ரத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் கையில் வால்வுக் கம்பி இருந்தது. வால்வைப் பிடுங்க வருகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். நான் வால்வு மேட்டில் நின்றேன். ஒரே புழுதி. புழுதிக்குள்ளிருந்து ஒருத்தன் மேலே ஏறி வந்தான். ஆள் யாரென்று தெரியவில்லை. வீசினேன். முகத்தில் பட்டது. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

விழுந்த பிறகுதான் மச்சான் என்று தெரிந்தது.

புழுதி. அதனால்தான்.

மேட்டுக்குக் கீழே மிதுனா நின்றிருந்தாள். அவள் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அலறவில்லை. தாவணியைக் கிழித்து மாமன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மே 19, ஞாயிறு

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வளர்மதி அங்கேதான் இருக்கிறாள். எனக்குச் சமையல் வராது. ரொட்டி தின்றேன்.

மே 21, செவ்வாய்

போலீஸ் வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனது. ஊர்க்காரர்கள் அறுபது பேர் மேல் கேஸ். ஆளுக்கொரு மூலைக்கு ஓடி ஒளிந்துவிட்டார்கள். மச்சானுக்குப் பேச்சு வந்ததும் வாக்குமூலம் வாங்குவார்களாம். முதலாளி சொன்னார்: "அந்தாளு உன்ற பேரச் சொன்னான்னா கொலை முயற்சிதான். நான் ஒன்னும் பண்ண முடியாது, பாத்துக்க."

ஒன்றும் பண்ண முடியாதாம். இருபத்திரண்டு சுற்று நான் யாருக்காகச் சுற்றினேன்?

பயம் என்று வெளியில் சொன்னால் வெட்கம், இங்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஜெயிலைவிட அவள் நிமிர்ந்து பார்த்ததுதான் பயமாக இருக்கிறது.

மே 23, வியாழன்

நம்ப முடியவில்லை. மச்சான் போலீஸிடம், தானே கால் இடறி இரும்புத் தூண் மேல் விழுந்ததாகச் சொல்லிவிட்டார். கைநாட்டு வைத்துக் கொடுத்தும் விட்டார்.

மே 24, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகக்கூடாது என்று நினைத்து நினைத்து, பஸ் ஏறிவிட்டேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். கண் போனவருக்கு ஆரஞ்சு.

மிதுனா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் மட்டும் இருந்தார். பாதி முகம் துணி. ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"உக்காருங்க மாப்ள."

உட்காரவில்லை. "ஏனுங்க மச்சான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்காகச் சொல்லலீங்க. உங்கள உள்ள வெச்சா எனக்கொன்னும் மனசு நோகாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "புள்ளைக்கு அட்மிசன் இருபத்தொம்பதாந் தேதி. அப்பங்காரன் ஜெயில்ல, அம்மா கோர்ட்டுல, மாமன் ஆஸ்பத்திரில. யாரு கூட்டீட்டுப் போறது? அந்த வருசமே போயிருமுங்க. ஒரு வருசம் போனா பொட்டப்புள்ளைய மறுக்கா யாரு படிக்க உடறா?"

நான் ஆரஞ்சுப் பையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"சடங்குக்கு ஒரு பவுன்தான் வெச்சேன். கல்யாணத்துக்கு என்னத்தப் போடறதுன்னு ரோசனை பண்ணீட்டிருந்தேன். மாடும் போச்சு. இதுதானுங்க நான் செய்யற சீரு. சர்ட்டிபிகேட்டக் குடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பி வெய்ங்க. அதுக்குத்தான் சொன்னேன்."

ஆரஞ்சை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அழுதேன். பஸ்ஸில் சீட் கிடைத்ததும் நின்றுவிட்டது. கேஸ் இல்லை என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. இதை எழுதவும் வேண்டும்.

மே 26, ஞாயிறு

மேற்கே லேசாக மேகம். யார் பார்க்கிறார்கள்?

வளர்மதியும் மிதுனாவும் வீட்டுக்கு வந்தார்கள். நானே பீரோவைத் திறந்து சர்ட்டிபிகேட் கவரை எடுத்து மேஜையில் வைத்தேன். "போயிட்டு வா. நீ கேட்ட படிப்பே படி" என்றேன். பெரிய மனசு பண்ணினவன் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

கவரைத் தொடவில்லை. "மாமன் கண்ணுதானுங்களா இது?" என்று கேட்டாள்.

"அவுரே மனசு வெச்சுச் செய்யறாரு. சீரு வேண்டாம்ங்கக் கூடாது."

"அவுரு குடுக்கறாருங்க. நான் வாங்க மாட்டேன்." மேஜையை ஒட்டி வந்து நின்றாள். "பொய்ய வாங்கி உள்ள வெச்சுட்டு, அங்க போய் நான் என்னத்தப் படிக்கறதுங்கப்பா? தண்ணில என்ன இருக்குதோ அத எழுதோணும். அதுதான் படிப்பே. நாளைக்கு நான் ஸ்டேசனுக்குப் போறேன். பாத்ததச் சொல்லப் போறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அப்பன உள்ள தள்ளப் போறியாடி?"

"ஆமாங்க" என்றாள்.

மே 27, திங்கள்

காலையில் அவள் செருப்பைப் போடும்போது கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். நகரச் சொன்னாள். நகரவில்லை. என்னை ஒதுக்கிக்கொண்டு போகப் பார்த்தாள். ஜடையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். மேஜை முனையில் நெற்றி இடித்தது. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம். "கொன்னு போட்டுருவேன்" என்று கத்தினேன். அந்த நேரத்தில் அது வெறும் பேச்சு இல்லை. காலை ஓங்கினேன்.

பின்னந்தலையில் ஏதோ வெடித்தது. குக்கர் மூடி. வளர்மதி. இருபது வருஷமாகச் சத்தம் போட்டுப் பேசாதவள். நான் திரும்புவதற்குள் இன்னொன்று, தோளில். மூன்றாவது வாயில். கடைவாய்ப் பல் ஆடுகிறது.

"எழுந்திரிச்சீன்னா நானே ஜெயிலுக்குப் போறேன்" என்றாள். மூச்சு இரைத்தது. "எங்கண்ணன் கண்ணு போச்சு, புள்ள காது போச்சு. இன்னும் என்னய்யா வேணும் உனக்கு?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் இல்லை. மிதுனா எழுந்து அம்மா முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். தரையில் அவள் ரத்தமும் என் ரத்தமும் இருந்தது. துணி எடுத்து நானே துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவிக்கொண்டே போனது. சாயக்கறை கழுவுகிற மாதிரி சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன்.

சாயந்திரம் வரை வரவில்லை. இன்ஸ்பெக்டர் எழுத மாட்டேன் என்றாராம், அடிபட்டவனே விழுந்தேன் என்ற பிறகு உனக்கென்னம்மா என்றாராம். நெற்றிக் கட்டோடு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, என் வாயைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் போனார்.

மே 28, செவ்வாய்

மத்தியானம் ஒரு மணிக்கு எழுதி வாங்கிவிட்டார்களாம். மச்சானுக்கு அடி எப்படிப் பட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருந்த சீட்டையும் கையோடு கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் வந்து நின்றாள். புருவத்தில் நான்கு தையல். கையில் யுனிவர்சிட்டி பாரம், அதன் மேல் பேனா.

"ஸ்டேசன்ல சொல்லீட்டனுங்கப்பா. சாயந்திரம் வருவாங்க. நாளைக்கு அட்மிசன். இதுல பெத்தவங்க கையெழுத்து வேணும்."

இவளுக்கு என்ன நெஞ்சு இது! என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு என்னிடமே வந்து நிற்கிறாள். கை தானாக மேலே எழுந்தது. பழக்கம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. கீழே இறக்கினேன்.

"உங்கம்மாகிட்ட வாங்கிக்கலாமில்ல?"

"வாங்கிக்கலாமுங்க. நீங்க போடோணும்னு நெனைக்கறேன்."

"என்னத்துக்கு?"

பேனா மூடியைக் கழற்றினாள். "நீங்க லட்டுக் குடுத்தீங்க" என்றாள். அப்போதுதான் உதடு துடித்தது. அடித்தபோதெல்லாம் அழாதவள்.

பாரத்தை வாங்கினேன். வாங்கிவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என்னன்னு சொன்ன?"

"நீங்க மேட்டு மேல நின்னீங்க. மாமன் வெறுங்கையோட ஏறுனாரு. கம்பிய வீசுனீங்க. அவ்வளவுதான் சொன்னேன்." பேனாவை நீட்டினாள். "ஆளத் தெரிஞ்சுதான் அடிச்சாரான்னு கேட்டாங்க. அது எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். நான் கீழ நின்னேன். உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு நான் பாக்கல. பாக்காதத எழுதக் கூடாதுங்க. அத அவருகிட்டத்தான் கேக்கோணும்னு சொல்லீட்டேன்."

என்னைக் கொண்டுபோய்த் தூக்கில் மாட்ட ஒரு வார்த்தை போதும், அது அவள் கையில் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டேன். கோணல் மாணலாக விழுந்தது. அவள் பார்த்துவிட்டு, "பரவாலீங்க" என்றாள்.

"மொதல் வருசம் என்ன சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவளை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கத்தான் போலிருக்கிறது.

அவள் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சொன்னாள். மண்ணில் உப்பு எப்படி ஏறுகிறது, ஏறின உப்பை எப்படி இறக்குவது, எத்தனை வருஷம் ஆகும் என்றெல்லாம். பாதி புரியவில்லை. மாமன் கிணறு தெளிய இருபது வருஷம் ஆகலாமாம். கேட்காத காது என் பக்கம் இருந்ததால் நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது, அவளும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு வளர்மதி கூப்பிட்டாள், துணி எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

மணி ஐந்து. ஜீப் இன்னும் வரவில்லை. வந்தால் கேட்பார்கள். என்ன சொல்வது என்று கேட்டு முதலாளிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. புழுதி என்று சொன்னால் வக்கீல் பார்த்துக்கொள்வார், நான்கைந்து வருஷத்தோடு போகும். பத்து நாளுக்கு முன்னால் நானே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

வால்வு மேட்டில் புழுதி இல்லை. தினமும் கழுவிக் கழுவி அங்கே எப்போதும் ஈரம்தான். மச்சான் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு ஏறி வந்தார். "மாப்ள, நான்தானுங்க" என்றார். முகம் நன்றாகத் தெரிந்தது. பைக்கில் ஏறிப் போன என் மகள் ஞாபகம் வந்தது. பார்த்துத்தான் அடித்தேன்.